சிக்கனமான வீட்டுக் கணிப்பொறி

பிழைப்பை நாடித் தமிழகத்தை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் புனேயிலும் வாழும் நம் குடும்பங்களில், வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊருக்கு அனுப்பும் பணமும் போக மாத இறுதியில் எஞ்சுவது சிறு தொகையே. அச்சிறு தொகையைப் பல மாதங்கள் சேர்த்து வாங்க வேண்டிய பொருள்களுள் ஒன்றாகக் கணிப்பொறியும் இன்று சேர்ந்துவிட்டது. பிள்ளைகளின் பாடம், பெரியவர்களின் அலுவல், வங்கிக் கணக்கு, ஊரிலுள்ள தாய் தந்தையரின் முகம் கண்டு பேசுதல் ஆகிய அனைத்தும் ஒரே பெட்டியின் வழியாக நடைபெறுகின்றன. அதை ஒரு முறை ஆராயாமல் வாங்கிவிட்டால், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளுக்கு அக்குறையோடேயே குடும்பம் வாழ வேண்டியதாகும். ஆகவே, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே இணைத்துக்கொள்ளும் மேசைக் கணிப்பொறியைப் பற்றி இன்று சிந்திப்போம்.

நாம் பொறியியல் பயின்றவர்கள் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, அரசாங்கக் கோப்புகளை மொழிபெயர்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள். ஆயினும் இத்துறையில் நுழைவதற்கு அது ஒரு தடையன்று. உறுப்புகளை இணைப்பதற்கு ஒரு திருப்புளியும் இரண்டு மணி நேரமும் சற்றுப் பொறுமையும் போதும். அவற்றைத் தேர்ந்தெடுப்பதில்தான் அறிவும் அடக்கமும் வேண்டும்.

மடிக்கணினி இருக்க மேசைக் கணிப்பொறி ஏன் என்று சிலர் வினவக்கூடும். நாள்தோறும் கையில் எடுத்துச் செல்பவருக்கு மடிக்கணினியே தக்கது. மின்சாரம் நின்றாலும் அது சிறிது நேரம் இயங்கும். ஆனால் அதன் உறுப்புகள் பல ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒன்று பழுதானால் பெருஞ்செலவு நேரும். மேசைக் கணிப்பொறியிலோ பழுதான உறுப்பை மட்டும் கழற்றி மாற்றலாம். தேவை வளரும்போது புதிய உறுப்பைச் சேர்க்கலாம். ஒரு குடும்பமே பகிர்ந்து பயன்படுத்தும் கருவிக்கு இப்பண்பு பெரிதும் உகந்தது.

தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லேமிங்டன் சாலை, பெங்களூரில் எஸ்.பி. சாலை, கொல்கத்தாவில் சாந்தினி சௌக் என ஒவ்வொரு பெருநகரிலும் சென்னை ரிச்சித் தெருவைப் போன்றதொரு கடைவீதி உண்டு. அங்கே நாம் கால் வைத்தவுடன் எதிர்ப்படும் முதற்கேள்வி, "உங்கள் பட்ஜெட் எவ்வளவு?" என்பது. தொகையைச் சொன்ன மறுநிமிடமே ஒரு பட்டியல் நம் கையில் வந்து சேரும். அதன் தலைப்பில் புகழ்பெற்ற பிராசசரின் பெயர் பெரிதாக விளங்கும். வண்ண விளக்குகள் ஒளிரும் கண்ணாடிக் கேபினெட் ஒன்றும் இடம்பெறும். பட்டியலின் அடியில், தயாரிப்பாளர் பெயரே இல்லாமல், எஸ்.எம்.பி.எஸ். என்று ஒரு சொல் மட்டும் இருக்கும். விற்பவர் பணத்தைச் செலவிட்ட இடம் நம் கண்ணுக்குத் தெரியும் இடம். மிச்சப்படுத்திய இடம் கண்ணுக்குத் தெரியாத இடம். இதனை உணர்ந்துகொண்டாலே பாதித் தெளிவு பிறந்துவிடும்.

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டுவது தொகை அன்று, வேலை. யார் யார், என்னென்ன செய்யப் போகிறார்கள்? பாடமும் எழுத்து வேலையும் கணக்கும் காணொளி காண்பதும் மட்டுமா? அன்றி விளையாட்டும் திரைப்படத் தொகுப்பும் உண்டா? இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள செலவு வேறுபாடு பெரிது. இவ்வுரையில் முதல்வகைக் குடும்பத்தையே நாம் எண்ணிப் பேசுகிறோம். நம்மில் பெரும்பாலோர் அவ்வகையினரே.

வேலை தெளிவானபின் மனத்தில் இருத்த வேண்டிய விதி ஒன்றே. பின்னர்ச் சேர்த்துக்கொள்ளக் கூடியதைப் பின்னுக்குத் தள்ளலாம். பின்னர் மாற்ற இயலாததையும், தான் கெட்டால் பிறவற்றையும் கெடுப்பதையும் முதலிலேயே நல்லதாக வாங்க வேண்டும். சிக்கனம் என்பது எல்லாவற்றிலும் மலிவானதை வாங்குவதன்று; எதில் குறைக்கலாம், எதில் குறைக்கலாகாது என்று அறிவதேயாம். இவ்விதியைக் கொண்டு ஒவ்வோர் உறுப்பாகப் பார்ப்போம். கடைக்காரரிடம் பேசுவதற்கு எளிதாக, கடையில் வழங்கும் பெயர்களையே நாமும் வழங்குவோம்.

முதலாவது பிராசசர். கணிப்பொறியின் கணக்குகளையெல்லாம் செய்யும் மூளை இதுவே. இன்டெல், ஏ.எம்.டி. என்னும் இரு நிறுவனங்களின் பிராசசர்களே நம் கடைகளில் விற்கின்றன. எது சிறந்தது என்று வாதிடுவதைவிட, நம் தொகைக்குள் வருவனவற்றுள் படத்தைத் திரையில் காட்டும் கிராபிக்ஸ் பகுதியைத் தன்னுள்ளேயே கொண்டது எது என்று கேட்பதே பயன் தரும். அப்பகுதி இருந்தால் தனிக் கிராபிக்ஸ் கார்டு வாங்கும் பெருஞ்செலவு மிச்சம். இன்டெல் பிராசசரின் எண்ணுக்குப் பின்னால் 'எஃப்' என்னும் எழுத்து இருந்தால் அப்பகுதி அதில் இல்லை என்பது பொருள். சில நூறு ரூபாய் குறைவென்று எண்ணி அதை வாங்கி வந்தவர், திரையில் எதுவும் தோன்றாமையால் மீண்டும் கடைக்கு நடக்க நேரும். ஏ.எம்.டி.யில் 2021-இல் வந்த ரைசன் 5 5600ஜி அப்பகுதியை உடையது. அதே வரிசையில் 'ஜி' இல்லாத 5600 அதனை இல்லாதது. ஓரெழுத்து மாறினால் பொருளே மாறும் என்பது மொழியில் மட்டும் காணும் இயல்பன்று.

பெயரின் பெருமையைக் கண்டும் மயங்கலாகாது. ஐ-7 என்றால் உயர்ந்தது, ஐ-3 என்றால் தாழ்ந்தது என்று எண்ணுவோர் பலர். 2013-இல் வெளிவந்த ஐ-7 4770, 2022-இல் வெளிவந்த ஐ-3 12100 ஆகிய இரண்டிலும் உள்ளவை 4 கோர்களே. ஆயினும் பின்னதே விரைவு மிக்கது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் 2013-ஆம் ஆண்டினது இல்லை. 'ஐ-7, மிக மலிவு' என்று எழுதி அடுக்கிவைத்திருக்கும் பழைய பெட்டிகளை அணுகும்போது, அது எந்த ஆண்டினது என்று கேட்பது நம் கடமை.

இரண்டாவது மதர்போர்டு. உறுப்புகள் அனைத்தும் வந்து பொருந்தும் பலகை இது. பிராசசர் அமரும் இடத்திற்குச் சாக்கெட் என்று பெயர். சாக்கெட்டும் பிராசசரும் ஒரே இனமாய் இருந்தால்தான் பொருந்தும். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 என்னும் சாக்கெட் பழையது, விலை நயமானது, ஆனால் அதன் வளர்ச்சி ஏறத்தாழ முடிவுற்றது. 2022-இல் வந்த ஏ.எம்.5 சற்று விலை கூடியது. 2027-ஆம் ஆண்டு வரையிலும் அதற்கு அப்பாலும் அதற்கு ஆதரவு தருவதாக அந்நிறுவனம் அறிவித்துள்ளது. 2021-இல் வந்த இன்டெலின் எல்.ஜி.ஏ.1700 மூன்று தலைமுறைப் பிராசசர்களை ஏற்றது. 2024-இல் அதற்கு அடுத்த சாக்கெட் வந்துவிட்டது. பெட்டியை ஐந்தாண்டுகள் தொடாமல் வைத்திருப்பவருக்குப் பழைய சாக்கெட்டே போதும். மூன்றாண்டுகளில் பிராசசரை மட்டும் மாற்றி வலுவூட்ட எண்ணுபவர் புதியதை நாடுவது நலம். நெடுநாள் கிடங்கில் கிடந்த மதர்போர்டு தனக்குப் பின் வந்த பிராசசரை அறியாமல் இயங்க மறுப்பதும் உண்டு. ஆதலின் அதன் பயாஸ் நம் பிராசசருக்கு ஏற்றவாறு புதுப்பிக்கப்பட்டதா என்று கேட்டு, கடையிலேயே அதனைச் செய்வித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது ராம். வேலை நடக்கும்போது செய்திகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம் இது. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என இருவகை உண்டு. ஒன்றுக்குரிய இடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஏ.எம்.4 முன்னதையும் ஏ.எம்.5 பின்னதையும் ஏற்கும். எல்.ஜி.ஏ.1700-க்கு இருவகைப் பலகைகளும் உண்டு. குடும்பக் கணிப்பொறிக்கு 16 ஜி.பி. தக்க அளவு. கிராபிக்ஸ் பகுதியும் இந்த ராமையே பங்கிட்டுக்கொள்ளுமாதலால், 16 ஜி.பி.யை ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு 8 ஜி.பி. துண்டுகளாகப் பொருத்துவது விரைவு தரும். 2025-ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ராமின் விலை மிக வேகமாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காக அமைக்கப்படும் பெருநிலையங்கள் நினைவகச் சில்லுகளை ஏராளமாக வாங்கிக்கொண்டமையே அதற்கு முதற்காரணம். விலை கைக்கு எட்டாத நாளில் 8 ஜி.பி. துண்டு ஒன்றை மட்டும் வாங்கி, மற்ற இடத்தைக் காலியாக விடலாம். பின்னர்ச் சேர்க்கக் கூடியதைப் பின்னுக்குத் தள்ளலாம் என்ற விதி இங்கே துணைபுரியும்.

நான்காவது எஸ்.எஸ்.டி. கோப்புகளும் படங்களும் நிலையாகத் தங்கும் இடம் இது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 150 எம்.பி. படிக்கும், சாட்டா வகை எஸ்.எஸ்.டி. ஏறத்தாழ 550 எம்.பி. படிக்கும், என்.வி.எம்.இ. வகை அதனினும் பன்மடங்கு படிக்கும். கணிப்பொறி மெதுவாக இருக்கிறது என்று நாம் வருந்துவதற்கு, பல வீடுகளில் பிராசசர் காரணமன்று. பழைய ஹார்ட் டிஸ்க்கே காரணம். 500 ஜி.பி. என்.வி.எம்.இ. ஒன்று தொடக்கத்திற்குப் போதும்.

ஐந்தாவதாக வருவது எஸ்.எம்.பி.எஸ். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என மாற்றி ஒவ்வோர் உறுப்புக்கும் ஊட்டும் பெட்டி இது. பட்டியலில் இது அடியில் இருப்பினும், நம் விதியின்படி முதல் மரியாதைக்கு உரியது. தான் கெட்டால் பிறவற்றையும் கெடுக்க வல்லது இதுவே. நமக்குத் தெரிந்த அலுவலக நண்பர் ஒருவர், கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸையே நம்பியிருந்தார். ஒரு கோடை இரவில் நின்ற மின்சாரம் மிகுந்த அழுத்தத்தோடு திரும்பிவந்தது. அந்தப் பெட்டி தான் எரிந்ததோடு, மதர்போர்டையும் எஸ்.எஸ்.டி.யையும் உடன்கொண்டு போயிற்று. அவர் மகள் ஆய்வுப் பட்டத்திற்காக இரண்டாண்டுகள் எழுதிச் சேர்த்த பக்கங்கள் அதில் இருந்தன. வேறெங்கும் படி இல்லை. பலகையைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பக்கங்களை எக்கடையில் வாங்குவது? அப்பெண் முதலிலிருந்து எழுதத் தொடங்க ஒரு மாதம் ஆயிற்று.

தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத நம் கணிப்பொறி, முழு வேலையிலும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. ஆகவே பெரிய எண்ணைத் தேட வேண்டுவதில்லை. அறிந்த நிறுவனம் ஒன்றின் 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். போதும். 80 பிளஸ் என்னும் முத்திரை, மின்சாரத்தை வீணாக்காமல் மாற்றும் திறனுக்குரியது. அது மட்டுமே முழுத் தரத்திற்குச் சான்றாகாது. மின்னழுத்தம் மிகும்போதும் மின்குறுக்கு நேரும்போதும் தன்னை நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு உண்டா, எத்தனை ஆண்டு வாரண்டி என்பவற்றையும் கேட்க வேண்டும். இதனோடு, வாடகை வீட்டின் மின்செருகியில் எர்த் இணைப்பு உண்மையாகவே இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்ப்பதும், ஒரு சிறு யு.பி.எஸ். வைப்பதும் அறிவுடைமை. எத்தனை காப்பு இருந்தாலும், அரிய கோப்புகளுக்கு மற்றோரிடத்தில் ஒரு படி வைத்துக்கொள்வதே முடிவான காப்பு.

ஆறாவது கேபினெட். முன்புறம் முழுதும் கண்ணாடியால் மூடியது அழகாயிருக்கும். ஆனால் காற்று நுழையாது. கோடையில் 45 டிகிரி வரை வெயில் ஏறும் தில்லி போன்ற ஊர்களில், முன்புறம் வலைக்கண் உடையதும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி உள்ளதுமான எளிய கேபினெட்டே சிறந்தது. விளக்குகளுக்குச் செலவிடும் பணத்தைக் காற்றாடி ஒன்றுக்குச் செலவிடலாம்.

ஏழாவது மானிட்டர். கணிப்பொறியில் நம் கண்கள் நாள் முழுதும் காண்பது இதனை மட்டுமே. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட, ஐ.பி.எஸ். வகைத் திரையைத் தேர்வது நன்று. தமிழ் படிப்போருக்கு இதில் ஒரு தனித் தேவையும் உண்டு. மெய்யெழுத்தின் புள்ளியும் எகர ஏகாரக் கொம்புகளின் வேறுபாடும் சிறிய எழுத்திலும் தெளிவாகத் தெரிய வேண்டும். கடையில் திரையைச் சோதிக்கும்போது ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்து பார்க்கத் தயங்க வேண்டா. பிராசசர் பழையதாகிப் போனாலும் நல்ல மானிட்டர் அடுத்த கணிப்பொறிக்கும் உதவும்.

பழைய உறுப்புகளை வாங்கலாமா என்னும் கேள்வி எழும். கேபினெட்டையும், இயக்கிப் பார்த்து மானிட்டரையும் வாங்கலாம். பிராசசரும் எளிதில் கெடுவதன்று. எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் எஸ்.எஸ்.டி.யையும் மட்டும் பழையதாக வாங்கலாகாது. கிராபிக்ஸ் கார்டிலும் எச்சரிக்கை வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் மின்பணம் தன் முறையை மாற்றிக்கொண்டபின், இரவு பகலாக ஓடிக் களைத்த கார்டுகள் பல பழைய பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தன.

புதிய பொருளுக்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு. பில் இல்லாமல் வாங்கினால் அந்த வரியைக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் கடைகளும் உண்டு. பில் இல்லையேல் வாரண்டியும் இல்லை என்று அறிக. ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணையும் பில்லில் எழுதி வாங்க வேண்டும். டிரே என்னும் பெயரில் பெட்டியின்றி விற்கும் பிராசசருக்குக் குளிர்விக்கும் காற்றாடியும் வராது. பெட்டியில் வரும் பிராசசருக்குத் தயாரிப்பாளர் அளிக்கும் 3 ஆண்டு வாரண்டியும் கிடைக்காது. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது சென்னையில் வாங்கிவருவோர், அந்நிறுவனத்தின் பழுதுபார்க்கும் நிலையம் தாம் வாழும் நகரில் உண்டா என்று முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

உறுப்புகள் வந்து சேர்ந்தபின் இணைப்பது ஒரு விடுமுறைநாள் வேலை. உலோகப் பொருளொன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்கிய பிறகே பலகையைத் தொட வேண்டும். பிராசசரின் மூலையிலுள்ள சிறு முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு ஒப்பிட்டு, அழுத்தாமல் வைக்க வேண்டும். பொருந்தும் வகையில் வைத்தால் அது தானே அமரும். வலிந்து செருக வேண்டியதாயின், ஏதோ தவறு என்பது பொருள். ராம் மட்டும் சற்று அழுத்தத்தை வேண்டும். இரு பக்கமும் 'கிளிக்' என்று ஒலிக்கும். மானிட்டரின் கம்பியை மதர்போர்டின் பின்புறத்திலேயே செருக வேண்டும். மூடியை மூடுமுன் ஒருமுறை இயக்கி, ராமின் அளவும் பிராசசரின் வெப்பமும் சரியாகத் தெரிகின்றனவா என்று பயாஸில் காண வேண்டும். வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு இதைச் செய்தால், பின்னாளில் பழுது நேரும்போது அவர்களே அச்சமின்றித் திறந்து பார்ப்பர்.

மென்பொருளையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். கடையில் இலவசமாக ஏற்றித் தரும் கள்ளப்படியான விண்டோஸ், நம் வங்கிக் கணக்கின் சாவியைப் பிறரிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும். உரிமம் வாங்கப் பணம் இல்லையேல் உபுண்டு முதலான லினக்ஸ் அமைப்புகளும் லிபர் ஆபீஸும் விலையின்றியே கிடைக்கின்றன. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகை முறை விண்டோஸிலும் உண்டு, லினக்ஸிலும் உண்டு. பிற மாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் பாட்டிக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுத, அம்முறையை முதல்நாளிலேயே அமைத்துக்கொடுப்பது நல்லது.

இன்னொன்றும் உண்டு. மாற்றலுக்கு உட்பட்ட உத்தியோகத்தில் இருப்போர், பெட்டியை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்ல நேரும். அப்போது தனிக் கிராபிக்ஸ் கார்டும் கனமான குளிர்விப்பானும் இருந்தால் கழற்றித் தனியே பொதிய வேண்டும். லாரியின் குலுக்கலில் அவை பலகையையே உடைத்துவிடக் கூடும். எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்வது மேலும் நலம்.

நேயர்களே, உறுப்புகளின் பெயர்களும் எண்களும் ஆண்டுதோறும் மாறும். விலைகளோ நாள்தோறும் மாறும். ஆனால் எந்த ஆண்டிலும் கடைவாயிலில் நின்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளத்தக்க வினாக்கள் மூன்று: இது எவருடைய எந்த வேலைக்கு? இதனைப் பின்னர்ச் சேர்க்க முடியுமா? இது கெட்டால் வேறு எதைக் கெடுக்கும்? இம்மூன்றுக்கும் விடை எழுதிய தாள் ஒன்று கையில் இருந்தால், அளவான பணத்தில் நெடுநாள் உழைக்கும் கணிப்பொறியை எந்நகரிலும் நாமே அமைத்துக்கொள்ளலாம்.